எதிர் வீட்டு ஃபிரீசரில் என் புரட்டாசி

ஹப்சிகுடா கிளினிக்கில் டாக்டர் அம்மா காகிதத்தைப் பார்த்து "செவன் பாயிண்ட் ஃபைவ்" என்றதும் என் கணவர், "ஏழரையா?" என்று கேட்டுச் சிரித்துவிட்டார். சனி பிடித்தால் ஏழரை வருஷம் என்று விரல் விட்டு எண்ணுகிற வம்சம் அவருடையது. நான் திரும்பி ஒரு முறை முறைத்தேன். சிரிப்பு நின்றது.

மூன்று மாதம் கழித்து மறுபடி ரத்தம் எடுக்க வேண்டும், அந்த மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை ஆறரைக்குக் கீழே வந்துவிட்டால் மாத்திரை வேண்டாம், வராவிட்டால் அன்றைக்கே தொடங்கிவிட வேண்டும் என்றார் டாக்டர். சோற்றைக் குறை, முட்டையும் கறியும் காயும் கூட்டு, தினமும் நட. அவ்வளவுதான் அவர் சொன்னது.

மாத்திரைக்கு ஏன் இப்படிப் பயப்படுகிறாய், ஊரில் பாதிப் பேர் போடுகிறார்களே என்று என்னிடம் கேட்காதவர்கள் இல்லை. மதுரையில் என் அக்காவும் ஒரே ஒரு மாத்திரையில்தான் தொடங்கினாள். இப்போது கல்யாண வீட்டில் பந்திக்குக் கூப்பிட்டால், முதலில் ஓர் அறையைத் தேடிப் போய்க் கதவைச் சாத்தி, வயிற்றில் ஊசி போட்டுக்கொண்டுதான் இலைக்கு வருகிறாள். அவளுக்கு அது பழகிவிட்டது. எனக்குப் பழகாது. ரத்தம் எடுக்க ஊசியை எடுத்தாலே நான் நர்ஸின் கையைப் பிடித்துக்கொள்கிறவள். ஆட்டோவில் வீடு திரும்பும்போது வழி முழுக்க ஆட்டோக்காரரோடு சண்டை போட்டுக்கொண்டு வந்தேன். பயம் வந்தால் எனக்குச் சண்டைதான் வரும்.

இந்தத் தெலுங்கு ஊரில் எங்கள் வீட்டில் மூன்று பேர். நான் ஏ.எஸ்.ராவ் நகரில், வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு தொழிற்சாலையில் உற்பத்தித் திட்டம் போடும் பிரிவில் வேலை பார்க்கிறேன். எந்தச் சாமான் எந்தக் கிழமை எந்த மேஜைக்கு வர வேண்டும் என்று இருபத்திரண்டு வருஷமாக மற்றவர்களை விரட்டுவதுதான் என் பிழைப்பு. கணவருக்கு மத்திய அரசில் தணிக்கை வேலை, அடிக்கடி வெளியூர். மகள் இன்ஜினியரிங் படிக்கிறாள். நாங்கள் மதுரைத் தமிழில் கேட்டால் அவள் தெலுங்கிலும் இங்கிலீஷிலும் பதில் சொல்வாள்.

டாக்டர் சொன்ன மூன்று வரியை ஒரு வேதமாக வளர்த்தவள் மகள்தான். போனில் எங்கெங்கோ பார்த்துவிட்டு, "அம்மா, ரைஸ் வத்து. டிஃபன் வத்து. எக், மீட், நெய், பெருகு. அனிமல் பேஸ்டு. த்ரீ மந்த்ஸ்," என்றாள். வத்து என்றால் தெலுங்கில் வேண்டாம்.

"தயிர்னு சொல்ல வாய் வராதாடி உனக்கு?"

"பெருகுதான் ஈஸி," என்றாள்.

மதுரைக்காரிக்குக் கறி தின்னச் சொல்லிக் கொடுக்க வேண்டுமா? அதிலே எனக்குக் கஷ்டமே இல்லை. கஷ்டம் சோற்றில்தான். பொன்னி அரிசிச் சோறு வெந்து, கஞ்சி வடித்து, ஆவி பறக்க இருந்தால் எனக்குக் குழம்புகூட வேண்டாம். வெறும் உப்பும் மோரும் போதும். அந்தச் சோற்றை விட வேண்டும் என்பதுதான் இதில் இருந்த ஒரே தண்டனை.

ஞாயிற்றுக்கிழமைதோறும் திட்டம் தொடங்கியது. இட்லிக் கொப்பரைக்கு வேலை போய்விட்டதே என்று வருத்தமாக இருந்ததால் அதிலேயே முட்டையை வேக வைத்தேன். இட்லிக் குழியில் முட்டை அழகாக உட்கார்ந்துகொள்கிறது, உருளாது, உடையாது. ஒரு அடுப்பில் நெஞ்செலும்பு ரசம், இன்னொன்றில் மிளகு போட்ட ஈரல், வாணலியில் சுக்கா. எல்லாம் ஆறியதும் டப்பாவில் அடைத்து, மேலே ஒட்டுத்தாள் ஒட்டி, கிழமை எழுதி, வாரக் கடைசிக்கு உள்ளதை ஃபிரீசரில் அடுக்கிவிடுவேன். முதலில் செய்தது முதலில் காலியாக வேண்டும் என்பது ஸ்டோர்ஸ் சட்டம். அதை மீறி மகள் புதன்கிழமை டப்பாவைத் திங்கட்கிழமையே திறந்தபோது வீட்டில் பெரிய ரகளை நடந்தது. வெள்ளி, சனி எங்கள் வீட்டில் கவுச்சி கிடையாது. அந்த இரண்டு நாளுக்கும் பன்னீரும் கெட்டித் தயிரும் காயும் என்று திட்டத்திலேயே சேர்த்திருந்தேன்.

திட்டத்தை எழுதி வைக்கப் பெரிய கட்டம் தேவைப்பட்டது. மளிகைக்கடையில் கொடுத்த தெலுங்கு மாதக் காலண்டர் அதற்கென்றே அச்சடித்தது போல இருந்தது. ஒவ்வொரு தேதிக்கும் உள்ளங்கை அகலக் கட்டம். அதைச் சமையலறையில் மாட்டினேன். மதுரையிலிருந்து வருஷா வருஷம் வருகிற தினசரிக் காலண்டர் சாமி அலமாரிக்கு மேலே தொங்கும். அதில் தாள் கிழிப்பது என் கணவரின் ஏகபோக உரிமை. குளித்துவிட்டு வந்து, கிழித்து, அன்றைய ராசிபலனை எங்களுக்கும் படித்துக் காட்டிவிட்டுத்தான் காபியே குடிப்பார். யாரும் தொடக்கூடாது.

இரண்டு மாதம் ஒழுங்காகப் போனது. சேலைக்கு ஊக்கு குத்தும் இடம் இரண்டு விரல் தள்ளிப் போனது. ஆபீஸில் பக்கத்து மேஜைக்காரி, "என்ன மேடம், கன்னம் ஒட்டிப்போச்சே," என்று வயிற்றெரிச்சலோடு கேட்டாள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அப்போதுதான் எதிர் வீட்டுக்காரி வந்தாள். எங்கள் மாடியில் எதிரும் புதிருமாக இரண்டே வீடுகள். அவள் வாரங்கல் பக்கத்துக்காரி. பதினைந்து வருஷமாக எங்களோடு பழகி, தமிழும் தெலுங்கும் ஹிந்தியும் ஒரே வாக்கியத்தில் போட்டுப் பிசைந்து பேசுவாள். ஆவணியில் அவர்களுடைய ஸ்ராவண மாதம் முழுக்க அவள் வீட்டில் முட்டை ஓடுகூட விழாது. அந்த மாதம் முடிந்து, பிள்ளையாரையும் தண்ணீரில் கரைத்த பிறகு அவள் முகத்தில் ஒரு களை வந்திருந்தது.

"அக்கா, மாக்கு ஸ்ராவணம் அயிப்போயிந்தி. எங்க ஊர்லேந்து ஆடு வருது. நாலு வீடு சேர்ந்து கூறு போடுறோம். நீங்க ஒரு கூறு எடுங்கோ. மஸ்த் கறி."

கடைக்கறி இல்லை, ஊர் ஆட்டுக் கறி. அதுவும் கூறு. நான் யோசிக்கவே இல்லை. அவள் விரதம் முடிந்தது, அடுத்து அவர்களுக்குக் கார்த்தீகம் வரைக்கும் தடை இல்லை, ஆகவே எனக்கும் தடை இல்லை என்று என் மண்டை கணக்குப் போட்டுக்கொண்டது. தெலுங்கு காலண்டரிலும் அந்த மாதக் கட்டங்கள் துடைத்து விட்டாற்போல் சுத்தமாக இருந்தன. கணவர் பதினைந்து நாளாக டெல்லியில் தணிக்கையில் இருந்தார். கேட்க ஆளில்லை.

மூன்று கிலோவுக்கு மேலே வந்தது என் கூறு. ஞாயிறு முழுக்க நின்று சமைத்தேன். சுக்கா, கோலா உருண்டை, நல்லி, ரசம் என்று பதினெட்டு டப்பா. ஃபிரீசர் கதவை முழங்காலால் அழுத்தித்தான் சாத்த முடிந்தது. ரத்தப் பரிசோதனைக்கு இன்னும் நான்கு வாரம். அதில் பாதியை ஒரே நாளில் முடித்துவிட்டேன் என்று என் முதுகை நானே தட்டிக்கொள்ளாத குறை.

மறுநாள் திங்கட்கிழமை சாயங்காலம் கணவர் ஊரிலிருந்து வந்தார். குளித்தார். சாமி அலமாரிக்கு முன்னால் நின்று, சேர்ந்து கிடந்த தாள்களை ஒவ்வொன்றாகக் கிழித்தார். கிழிக்கிற சத்தம் நின்றது.

"ஏம்மா," என்றார். "நாளன்னைக்குப் புரட்டாசி ஒண்ணு."

நான் கையிலிருந்த தண்ணீர்ச் சொம்பை மெதுவாகக் கீழே வைத்தேன். கல்யாணமாகி இருபத்துமூன்று புரட்டாசி பார்த்தவள் நான். அவர் குலதெய்வம் பெருமாள். அந்த மாதம் பிறக்கும் முன்பே வீடு கழுவி, கறிச்சட்டியைக் கட்டிப் பரணில் ஏற்றிவிடுவோம். வீட்டுக்குள் முட்டைகூடக் கிடையாது. இது எனக்குத் தெரியாததா? ஊரெல்லாம் சாமான் வரும் தேதி சொல்லுகிறவள், எதிர் வீட்டுக்காரியின் விரதத்தை என் விரதமாக நினைத்து முடித்துவிட்டேன்.

தப்பு என்னுடையது என்று தெரிந்ததால் குரல் இன்னும் ஏறியது. "ஒரு மாசம் நான் என்னத்தைத் திங்குறது? சோத்தையா? உங்க பெருமாளுக்கு என் வயித்துல ஊசி ஏறினாத்தான் நிம்மதியா?"

அவர் கிழித்த தாள்களை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "வீட்டுக்குள்ள வேணாம்மா. வெளிய நீ என்ன சாப்பிட்டாலும் நான் எதுக்குக் கேக்கப்போறேன்?" என்றார். அவ்வளவுதான். அவர் திருப்பிக் கத்தியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். வெட்கமாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை காலையில் எதிர் வீட்டுக் கதவைத் தட்டினேன். விஷயத்தைச் சொன்னதும் அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரித்தாள். ஆறு பேர் உள்ள வீடு, அவர்கள் கூறு ஞாயிறு மதியமே தீர்ந்துபோயிருந்தது.

"இதுக்கு டென்ஷன் நக்கோ அக்கா. மா ஃபிரீசர் காலி. எல்லாத்தையும் கொண்டாங்கோ."

அன்று சாயங்காலம் நானும் மகளும் பதினெட்டு டப்பாவையும் இரண்டு பைகளில் போட்டு வாசலைத் தாண்டிக் குடிபெயர்த்தோம். ஃபிரீசரைக் கழுவித் துடைத்து, பாலாடைக் கிண்ணத்தை மட்டும் வைத்தேன். அன்று முதல் காலை ஏழு மணிக்கு எதிர் வீட்டு மணியை அடித்து, இரண்டு டப்பா வாங்கிக்கொண்டு ஆபீஸ் போவேன். காலையும் மதியமும் அங்கே சாப்பிட்டுக் கழுவி, திரும்பும்போது அவளிடமே டப்பாவைக் கொடுத்துவிடுவேன். அது எங்கள் வாசற்படியை மிதிக்காது. இரண்டு வாரம் கழிந்து டப்பாக்கள் தீர்ந்தபோது, ஞாயிற்றுச் சமையலையே அவள் அடுப்புக்கு மாற்றினோம். அவள் என் சுக்காவில் புளிச்சைக்கீரையைப் போட்டுவிடுவாள், நான் அவள் மிளகாய்த்தூளில் பாதியைத் திரும்ப டப்பாவில் கொட்டுவேன்.

காலையும் மதியமும் சமாளித்தேன். இரவுச் சாப்பாடுதான் என்னைக் கவிழ்க்கப் பார்த்தது. பன்னீரும் தயிரும் பீன்ஸும் தின்று தின்று நாக்கு செத்துவிட்டது. கணவருக்கும் மகளுக்கும் சோறு வடித்து, சாம்பார் வைத்து, எடுத்துப் பரிமாறுவேன். அந்த ஆவி நேராக என் மூக்குக்குத்தான் வரும். புரட்டாசி முதல் வாரக் கடைசியில் ஒருநாள், அவர்கள் சாப்பிட்டு எழுந்த பிறகு, சமையலறையில் நின்றபடி குக்கரைத் திறந்து, ஆறிப்போன சோற்றைக் கையால் அள்ளி மூன்று வாய் தின்றேன். உப்புகூடப் போடவில்லை. தேவாமிர்தமாக இருந்தது. நாலாவது வாய்க்கு அக்காவின் ஞாபகம் வந்தது. குக்கரை மூடிவிட்டு, தட்டுக் கழுவுகிற சாக்கில் குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு அழுதேன். யாருக்கும் கேட்கவில்லை என்றுதான் நினைத்தேன்.

மறுநாள் கணவர் காபி குடித்துக்கொண்டே, "புரட்டாசி முடியிற வரைக்கும் நான் ஒருபொழுதுதாம்மா. ராத்திரிக்கு எனக்கு எதுவும் வேணாம். அந்த நேரத்துல நடந்துட்டு வர்றேன்," என்றார்.

மகள் ஏற்கெனவே கல்லூரி விட்டு வரும்போது எதையாவது தின்றுவிட்டு வருகிறவள். "நாக்கு கூட வத்து மா," என்று தனக்கும் வேண்டாமென்று சொல்லிவிட்டாள். ஆகவே இரவு எங்கள் வீட்டில் அரிசி வேகவில்லை. எனக்கு அது எவ்வளவு நிம்மதி என்று வெளியே காட்டிக்கொள்ளவில்லை. காட்டாமல், "இந்த வயசுல எதுக்கு ஒருபொழுது? மயங்கி விழுந்தா யாரு பாக்குறது?" என்று அவரைத்தான் கடிந்துகொண்டேன். அவர் வெள்ளை ஷூவை மாட்டிக்கொண்டு தினமும் ஏழேகாலுக்குக் கிளம்புவார், எட்டு மணிக்கு வருவார்.

ஒரு விஷயம் மட்டும் எனக்குப் பிடிபடவில்லை. மூன்று வாரம் ராப்பட்டினி, தினம் முக்கால் மணி நேர நடை. மனிதரின் தொப்பை ஒரு நூல் குறையவில்லை. நான் சோறு விட்டு, சுகம் விட்டு, ஒட்டிப்போய் நிற்கிறேன், இவர் பட்டினி கிடந்தும் பளபளவென்று இருக்கிறார். பெருமாள் தன் ஆளை மட்டும் தனியாகக் கவனிக்கிறார் போல என்று பொருமினேன்.

ரத்தப் பரிசோதனைக்கு முந்தைய நாள் வியாழக்கிழமை. மறுநாள் காலையில் வெறும் வயிற்றோடு லேபுக்குப் போய்விட்டு, அப்படியே டாக்டரையும் பார்ப்பதாகத் திட்டம். சனிக்கிழமை பெருமாளுக்குப் போடும் படையலுக்குக் கூப்பிட்டுவிட்டு வரலாம் என்று ராத்திரி ஏழரை மணிக்கு எதிர் வீட்டுக்குப் போனேன்.

கதவு ஒருக்களித்திருந்தது. வாசலில் ஒரு ஜோடி வெள்ளை ஷூ. அதன் அடிப்பாகம் கடையில் வாங்கிய நாளைப் போலத் தேயாமல் இருந்தது.

உள்ளே எட்டிப் பார்த்தேன். சாப்பாட்டு மேஜையில், ஒருபொழுதுக்காரர், என் கணவர், சட்டைக் கையை முழங்கை வரை மடித்துவிட்டுக்கொண்டு, ஒரு மலைச் சோற்றில் பருப்பையும் நெய்யையும் ஊற்றிப் பிசைந்துகொண்டிருந்தார். பக்கத்தில் ஆவக்காய் ஜாடி. எதிர் வீட்டுக்காரி இரண்டாவது கரண்டியோடு நின்றுகொண்டிருந்தாள். கையும் களவுமாக இரண்டு பேர்.

"இதுதான் நடையா?" என்றேன்.

அவர் திருட்டு முழி முழித்தார். கவளம் கையிலேயே நின்றது. எதிர் வீட்டுக்காரிதான் முந்திக்கொண்டாள். "என்னை ஏம் அனொத்து அக்கா, என்னைத் திட்டாதீங்கோ. சார் சொல்லக்கூடாதுன்னு சொன்னார். நான் என்ன பண்றது? நீங்களும் இங்கே, அவரும் இங்கே. காலைல மட்டன், சாயங்காலம் பப்பு. நான் என்ன மெஸ்ஸா வெச்சிருக்கேன்?"

"பசிச்சா வீட்ல கேக்குறதுக்கு என்ன?" என்று நான் அவர் பக்கம் திரும்பினேன். "நான் வடிச்சுத் தர மாட்டேனா?"

"நீ தருவே," என்றார். தட்டையே பார்த்துக்கொண்டு சொன்னார். "அன்னிக்கு நீ குக்கரைத் திறந்து நின்னுகிட்டுச் சாப்பிட்டதைப் பாத்தேம்மா. சாப்பிட்டா சாப்பிட்டுட்டுப் போறே, அதுல என்ன. குழாயைத் திறந்துவிட்டு அழுதே பாரு. அதைத்தான் தாங்க முடியல. வீட்ல சோத்து வாசனையே இருக்க வேணாம்னு நெனச்சேன். எனக்கும் சோறு இல்லாம ராத்திரி தூக்கம் வராது. வேற என்ன பண்றது?"

உங்கள் பெருமாளுக்கு நிம்மதியா என்று கேட்ட வாய் இது. அந்த மனுஷன் பெருமாளின் பேரைச் சொல்லிப் பொய் விரதம் இருந்து, அடுத்த வீட்டு வாசலில் ஷூவைக் கழற்றிவிட்டு, எனக்காக ஒளிந்து சோறு தின்றிருக்கிறார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எதிர் வீட்டுக்காரி பார்த்துவிடக் கூடாதென்று ஆவக்காய் ஜாடியின் மூடியைத் தேடி எடுத்து மூடினேன்.

"சாப்பிட்டுட்டு வாங்க," என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். படையலுக்குக் கூப்பிடாமலே வந்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை லேபில் நர்ஸின் கையைப் பிடிக்கவில்லை, கணவரின் கையைப் பிடித்துக்கொண்டேன். நகம் பதிந்ததாக அவர் பிறகு காட்டினார். மதியம் டாக்டர் அம்மா காகிதத்தை எடுத்துப் பார்த்தார். அவர் கண்ணாடியைச் சரி செய்த நேரத்தில் நான் அக்காவையும், பந்தியையும், அந்தச் சாத்திய கதவையும் நினைத்துவிட்டேன்.

"சிக்ஸ் பாயிண்ட் த்ரீ," என்றார். "மாத்திரை இப்போ வேண்டாம். இப்படியே போங்க. மூணு மாசத்துல திரும்பப் பாக்கலாம்."

இந்த முறை நான்தான் சத்தமாகச் சிரித்தேன். வாரத்தில் எப்போதாவது ஒரு கரண்டி சோறு போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டேன். தட்டு நிறைய வேண்டாம், கரண்டி அளவுக்குச் சரி என்றார்.

மறுநாள் புரட்டாசிக் கடைசிச் சனி. பெருமாளுக்குத் தளிகை போட வேண்டிய நாள். விடிவதற்குள் குளித்து, புளியோதரை, சர்க்கரைப் பொங்கல், தயிர்ச்சோறு, உளுந்து வடை என்று எல்லாவற்றையும் நானே செய்தேன். வீடு முழுக்கச் சோற்று வாசனை. எதிர் வீட்டுக் குடும்பத்தையும் உட்கார வைத்தோம். என் இலையில் சுண்டலும் தயிரும், ஓரத்தில் ஒரே ஒரு கரண்டி புளியோதரை. அதை அரை மணி நேரம் தின்றேன். மகள் அதை போனில் படம் எடுத்தாள்.

கணவரின் இலையில் வெள்ளைச் சோற்றை மலையாகக் குவித்தேன். "போதும்மா, போதும்மா," என்றார், கையை மட்டும் குறுக்கே நீட்டவில்லை.

எழுந்து போகும்போது எதிர் வீட்டுக்காரி ஞாபகப்படுத்தினாள். "அக்கா, தீபாவளி முடிஞ்சா எனக்குக் கார்த்தீகம். உங்க ஃபிரீசர் காலியா வைங்கோ. எங்க மாமனார் கறி இல்லாம முத்த தின மாட்டார்."

"பதினெட்டு டப்பாவுக்கும் இடம் இருக்கு," என்றேன். ஒரு கவளம் சோறு அந்த வீட்டு முதியவரின் வாயில் கறியில்லாமல் இறங்காது என்பது எங்கள் மாடிக்கே தெரியும்.

எல்லோரும் போன பிறகு இலையை எடுத்துக்கொண்டே கணவரிடம் சொன்னேன். "நாளையிலேருந்து ராத்திரிச் சோத்தை நம்ம வீட்லயே சாப்பிடுங்க. நான் தாங்கிப்பேன். நீங்க ஒண்ணும் அங்கிட்டுப் போய் ஒளிய வேணாம்."

அவர் கையைத் துடைத்துக்கொண்டார்.

"சரிம்மா," என்றார். "அந்த ஆவக்காயை மட்டும் கொஞ்சம் கேட்டு வாங்கி வச்சிரு."